பெரியம்மாவின் மூளையில் ஏழாம் நாள் நடந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரியம்மாவை அறியாத பழைய தோட்டக் குடும்பங்கள் குறைவு. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் மகனோடு தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்துவிட்டார். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பிடரியில் உளியை வைத்து அடித்தாற்போல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சுவரோடு சாய்ந்துவிட்டார். வலிக்கும் அவருக்கு உளிதான் உவமை.

ஈப்போவில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மூளைத் தமனி ஒன்றில் இருந்த சிறு புடைப்பு வெடித்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் இரத்தம் பரவியிருந்தது. மறுநாளே அறுவைச் சிகிச்சை செய்து, அந்தப் புடைப்பின் கழுத்தில் உலோகக் கிளிப் ஒன்றைப் பொருத்தி அடைத்தார்கள். திங்கட்கிழமை கண் விழித்தார். புதன்கிழமை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வியாழக்கிழமை கஞ்சி குடித்தார். அடுத்த சனிக்கிழமை காலையில் வலக்கை தொய்ந்துவிட்டது, பேச்சும் குழறியது. "அண்ணே, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னுதானே சொன்னாங்க? ஏழாம் நாளு எப்படி இப்படி ஆச்சு?" என்று பெரியம்மாவின் மகன் தொலைபேசியில் அழுதான்.

அந்தக் கேள்விக்கு உறவினர்களிடம் விடை தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை பார்வையாளர் நேரத்தில் மருமகள் கட்டிலருகே நின்று வீட்டுக் கடனைப் பற்றிப் பேசி அழுதிருக்கிறாள். அந்த அதிர்ச்சியில்தான் கை விழுந்தது என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். அந்தப் பெண் இரண்டு நாள் வார்டுக்குள் வரவே இல்லை. இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு முதற்காரணம் அவள்தான். இரண்டாவது காரணம், தலைநகரில் ஒரு பல்கலைக்கழக மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக நான் கழித்த காலத்தின் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே கழிந்தது என்பது.

முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புடைப்பு வெடித்த நோயாளிகளின் மூளைத் தமனிகள் பின்னர் சுருங்கிக் கிடப்பதை எக்ஸ்ரே படத்தில் முதன்முதலில் காட்டியவர்கள் எக்கர், ரீமன்ஷ்னைடர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், ஆண்டு 1951. கனடாவின் பிரைஸ் வியர் குழுவினர் 1978-இல் பல நோயாளிகளின் படங்களை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்து, சுருக்கம் ஏறத்தாழ மூன்றாம் நாளில் தொடங்கி, ஆறிலிருந்து எட்டாம் நாளுக்குள் உச்சம் தொட்டு, பன்னிரண்டாம் நாளை ஒட்டித் தளர்ந்துவிடுகிறது என்று எழுதினார்கள். 1980-இல் மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் தம் குழுவினரோடு 47 நோயாளிகளின் சிடி படங்களை ஆராய்ந்தார். முதற்சில நாட்களில் எடுத்த படத்தில் இரத்தம் தடித்த கட்டியாகவோ படலமாகவோ தெரிந்த 24 பேரில் 23 பேருக்குப் பின்னர் கடுமையான சுருக்கம் வந்தது. இரத்தம் தென்படாதவர்களுக்கும் மெல்லிதாகப் பரவியிருந்தவர்களுக்கும் அது பெரும்பாலும் வரவில்லை. எந்தத் தமனியைச் சுற்றிக் கட்டி தடித்திருந்ததோ அந்தத் தமனியே சுருங்கவும் செய்தது. ஆகவே பெரியம்மாவின் ஏழாம் நாளை வெள்ளிக்கிழமை வார்டில் யாரும் வரவழைக்கவில்லை. விளக்கேற்றிய அந்தச் சனிக்கிழமையே, கொட்டிய இரத்தத்தின் அளவு அதைக் குறித்து வைத்துவிட்டது.

ஆனால் கொட்டிய அன்றே சுருங்காமல் ஒரு வாரம் காத்திருப்பானேன்? ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியது இந்தத் தாமதத்தோடுதான்.

இங்கே மூளைத் தமனியின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். மூளையின் பெரிய தமனிகள் அதன் உள்ளே புதைந்திருப்பதில்லை. அடிப்பரப்பில், சிலந்தி வலை போன்ற மெல்லிய சவ்வுக்குக் கீழே, தெளிந்த நீரில் நனைந்தபடி கிடக்கின்றன. உடலின் மற்றத் தமனிகளுக்கு வெளிப்புறத்தில் மீள்தன்மையுள்ள ஓர் அடுக்கு உண்டு. மூளைத் தமனிகளுக்கு அது இல்லை, மேலுறையும் மெலிது. புடைப்பு வெடித்தால் அந்த நீர்வெளி முழுதும் இரத்தமாகி, தமனியை வெளியிலிருந்து கவ்விக்கொள்கிறது. தனக்குள்ளே ஓடும் இரத்தத்தோடு தமனிக்கு எந்தப் பகையும் இல்லை. அதே இரத்தம் வெளிப்பக்கமாக வந்து உறைந்து நிற்பதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

நான் செய்த வேலை, அந்தத் தமனியை ஒரு துண்டு வெட்டியெடுத்து அதன் இறுக்கத்தை அளப்பது. அதிகாலையில் அறுப்புக்கூடத்துக்குப் போய் மாட்டு மூளையைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். (என்ன மூளை என்று அம்மாவிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.) மூளைத்தண்டின் அடிப்புறத்தில் நடுவாக ஓடும் அடித்தமனியை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஒட்டியிருக்கும் சவ்வை ஊசிமுனையால் நீக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வளையங்களாக வெட்டவேண்டும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளை நுழைத்து, ஒன்றை அடியில் நிலையாகக் கட்டி, மற்றொன்றை இழுவிசை அளக்கும் கருவியில் மாட்டி, கிரெப்ஸ் கரைசல் என்ற, உடல்நீரை ஒத்த உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் தொங்கவிடுவோம். கரைசல் 37 பாகை வெப்பத்தில் இருக்கும். ஆக்சிஜன் 95 விழுக்காடும் கரியமில வாயு 5 விழுக்காடும் கலந்த காற்று அடியிலிருந்து குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கரைசலை மாற்றி மாற்றிக் காத்திருந்தால், மாடு போய்ப் பல மணி நேரம் ஆன பின்னும் அந்த வளையம் உயிரோடுதான் இருக்கும். பொட்டாசியம் சேர்த்தால் இறுகும், கழுவினால் தளரும்.

அந்தக் கிண்ணத்தில், சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினை விட்டால் நடப்பது வேறு. பொட்டாசியம் கொடுத்தால், இறுக்கத்தைப் பதியும் தாளில் கோடு மலைபோல் விருட்டென்று ஏறும். ஹீமோகுளோபினுக்கு அது அவசரப்படாமல், தயங்கித் தயங்கி ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றுவிடும். பலமுறை கழுவினாலும் பழைய நிலைக்கு எளிதில் இறங்காது. சிவப்பணு உடையாமல் முழுதாக இருக்கும்போது இந்த வலு அதற்கு இல்லை. உடைத்து, உள்ளே இருப்பதை வெளியேற்றினால்தான் வளையம் பிடித்துக்கொள்ளும். 1970-களிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள், சிவப்பணுக்கள் சிதைந்து உண்டாகும் பொருள்களே நெடுநேர இறுக்கத்துக்குக் காரணம் என்று இந்த வழியில் காட்டியிருந்தார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கும் முறை வேறு. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் அன்று வடிந்த பால் அன்று யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அது உறைந்து ஒட்டுப்பாலாகி, நான்கைந்து நாள் கிடந்து புளித்து, அடியில் கலங்கல் நீர் விடத் தொடங்கும்போதுதான் ஸ்டோர் பக்கமே போக முடியாமல் நாறும். மூளைநீரில் உறைந்த இரத்தமும் அப்படியே. முதல் இரண்டு நாள் சிவப்பணுக்கள் பெரும்பாலும் முழுதாகவே இருக்கின்றன. பின்னர் அவை ஒவ்வொன்றாக உடைந்து ஹீமோகுளோபினைக் கசியவிடுகின்றன. ஒரு வார அளவில் அந்தக் கசிவு மிகுதியாகிறது. இரத்தத்தில் இப்படி வெளியேறும் ஹீமோகுளோபினைப் பிடித்துக் கட்டிவைக்க ஹாப்டோகுளோபின் என்ற புரதம் ஏராளமாக உண்டு. மூளைநீரில் அது மிகக் குறைவு. ஏழாம் நாளின் கணக்கு இங்கே பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

கண்ணாடிக் கிண்ணத்துக்கு ஒரு குறை உண்டு: அது சில மணி நேரக் கதையைத்தான் சொல்லும், நோயோ இரண்டு வாரம் நீடிக்கிறது. அதனால் வியர் குழுவினர் குரங்குகளிடம் போனார்கள். மூளையின் ஒரு பக்கத் தமனியைச் சுற்றி அதே குரங்கின் இரத்தக் கட்டியை வைத்து, ஏழாம் நாள் படம் எடுத்தால் அந்தப் பக்கம் மட்டும் சுருங்கியிருந்தது. 48 மணி நேரத்துக்குள் கட்டியை எடுத்துவிட்ட குரங்குகளுக்குச் சுருக்கம் பெரும்பாலும் தவிர்ந்தது. பின்னர் 1991-இல் லாக் மெக்டொனால்டும் வியரும், கட்டியே இல்லாமல் அதன் சிதைவுப் பொருள்களைத் தனித்தனியாகக் குரங்குகளின் தமனியருகே செலுத்திப் பார்த்ததில், ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினே முதன்மைக் குற்றவாளி என்று தேறியது. இந்தக் குரங்குச் சோதனைகளைப் படித்தபோது எனக்கு உவப்பாக இருக்கவில்லை. ஆயினும், பெரியம்மாவின் மருத்துவர்கள் எந்தெந்த நாட்களில் விழித்திருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்ததில் அவற்றுக்கும் பங்குண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

சரி, ஹீமோகுளோபின் எப்படி இறுக்குகிறது? இதற்கான விடையின் முதற்பாதி ஓர் உதவியாளரின் தவற்றிலிருந்து வந்தது. எங்கள் உதவியாளர் இனத்துக்கு இதில் சிறிது பெருமை. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வுக்கூடத்தில் 1978-இல் உதவியாளர் ஒருவர், முயலின் பெருந்தமனி வளையத்தில் மருந்துகளைச் சேர்க்கும் வரிசையை மாற்றிவிட்டார். இறுக வேண்டிய வளையம் தளர்ந்தது. திட்டிவிட்டுப் போகாமல் ஃபர்ச்காட் காரணத்தைத் தேடினார். அதுவரை வளையத்தை வெட்டும்போது உட்புறத்து மெல்லிய அணுப்படலம் தேய்ந்து போயிருந்தது. அது சேதமில்லாமல் இருந்தால், அதிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுத் தசையைத் தளர்த்துகிறது. 1980-இல் அதை வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எனப் பின்னர் தெரிந்தது. 1998-இல் அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தமனி தன் இயல்பான அகலத்தில் இருப்பது இந்த வாயு ஓயாமல் சுரப்பதால்தான். ஹீமோகுளோபினோ நைட்ரிக் ஆக்சைடைக் கண்ட மாத்திரத்தில் விழுங்கிவிடும். தளர்த்துகிற கை போய்விட்டால் இறுக்குகிற கைக்கு எதிர்ப்பே இல்லை.

இறுக்குகிற கை 1988-இல் அகப்பட்டது. ஜப்பானின் மசாஷி யானகிசாவா குழுவினர் பன்றியின் பெருந்தமனி உட்படல அணுக்களிலிருந்து எண்டோதீலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 21 அமினோ அமிலங்களால் ஆன சிறிய பொருள்தான். ஆனால் அதுவரை அறிந்தவற்றிலேயே மிக வலிய நாளச் சுருக்கி. அதன் அமைப்பு மண்ணுக்குள் வாழும் ஒருவகைப் பாம்பின் நஞ்சில் உள்ள பொருளோடு பெரிதும் ஒத்திருந்தது என்பதைப் படித்த அன்று, செம்பனைக் காட்டில் பாம்பைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன எனக்கு ஒரு கணம் உடல் சிலிர்த்தது. நம் தமனியின் உட்புறமே அந்த நஞ்சின் உறவுக்காரனைச் சுரக்கிறது. ஹீமோகுளோபின் அந்தச் சுரப்பை மேலும் தூண்டுகிறது. இவற்றோடு தசை அணுக்குள் கால்சியம் புகுவதும், ரோ கைனேஸ் என்ற நொதி அந்த இறுக்கத்தைத் தளரவிடாமல் பிடித்து வைப்பதும் சேர்ந்துகொள்கின்றன. இந்த நொதியைத் தடுக்கும் ஃபாசுடில் என்ற மருந்து 1995 முதல் ஜப்பானில் பயன்பாட்டில் இருக்கிறது.

சுருக்கம் எவ்வளவு கேடானது என்பதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை. மற்றவை மாறாமல் இருந்தால், ஒரு குழாயின் உள்ளகலம் பாதியாகும்போது அதில் ஓடும் நீர் பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. பெரியம்மாவின் இரத்த அழுத்தத்தை மருந்து கொடுத்து வேண்டுமென்றே உயர்த்தியதற்குப் பொருள் இதுதான். "பிரஷர் ஏறித்தானே நரம்பு வெடிச்சுது, இப்ப இவங்களே ஏத்துறாங்களே" என்று மாமா வார்டு வாசலில் சண்டைக்கே போய்விட்டார். புடைப்பை அடைத்தாகிவிட்டதால் ஒடுங்கிய தமனிக்குள் இரத்தத்தை அழுத்தித் தள்ளுகிறார்கள் என்று சொன்னபோது பாதி நம்பினார்.

இவ்வளவும் தெரிந்தபின், தமனியைத் தளர்த்தினால் நோயாளி பிழைத்துக்கொள்வார் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். எண்டோதீலினைத் தடுக்கும் கிளாசோசென்டான் என்ற மருந்தை 413 நோயாளிகளிடம் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெறாதவர்களில் 66 விழுக்காட்டினருக்கு மிதமான அல்லது கடுமையான சுருக்கம் வந்தது. மிகுந்த அளவு மருந்து பெற்றவர்களில் அது 23 விழுக்காடாகக் குறைந்தது. எங்கள் அறையில் அன்று தேநீரும் வடையும் வாங்கிக் கொண்டாடினோம், மருந்துக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும். மூன்று ஆண்டு கழித்து வந்த பெரிய சோதனையில், நோயாளிகள் எழுந்து நடமாடும் நிலையை அந்த மருந்து தெளிவாக மேம்படுத்தவில்லை என்று தெரிந்தது. ஜப்பான் தன் நோயாளிகளிடம் செய்த சோதனைகளின் பேரில் 2022-இல் அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு மருந்து நிமோடிபின். கால்சியம் அணுக்குள் புகுவதைத் தடுத்துத் தமனியைத் தளர்த்தும் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்தது. 1989-இல் பிரிட்டனில் 554 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மூளைத்திசு மடிந்தவர்களின் பங்கு 33 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், நிமோடிபின் கொடுத்தவர்களின் படங்களில் தமனிகள் அப்படி ஒன்றும் விரிந்து காணப்படுவதில்லை. தமனியை விரித்த மருந்து ஆளைத் தேற்றவில்லை. ஆளைத் தேற்றிய மருந்து தமனியை விரிக்கவில்லை.

படத்தில் தெரியும் பெரிய தமனியை மட்டுமே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்நாளங்களும் இறுகுகின்றன, அவற்றில் சிறு இரத்தக் கட்டிகள் அடைக்கின்றன, அழற்சியும் சேர்கிறது. இன்னொன்று, மூளைப் பரப்பில் மின்செயல் அடங்கி அலைபோல் மெல்லப் பரவுவது. பிரேசிலைச் சேர்ந்த லியாவோ என்ற ஆய்வாளர் 1944-இல் முயல் மூளையில் இதை முதலில் கண்டு எழுதினார். நலமான மூளையில் அந்த அலை வந்தால் நாளங்கள் விரிந்து இரத்தம் கூடுதலாக ஓடி ஈடுகட்டும். 1998-இல் ஜெர்மனியின் டிரையர் குழுவினர் எலி மூளையின் மேற்பரப்பில் ஹீமோகுளோபினையும் மிகுந்த பொட்டாசியத்தையும் சேர்த்து விட்டபோது, அதே அலையின்போது நாளங்கள் விரிவதற்குப் பதில் இறுகின. அதனால் திசுவே மடிவதை 2000-இல் காட்டினார்கள். உடைந்த சிவப்பணு வெளியேற்றுவதும் இந்த இரண்டையும்தான். இவ்வளவு காலம் கிண்ணத்தில் பொட்டாசியத்தை ஒரு கையாலும் ஹீமோகுளோபினை மறு கையாலும் ஊற்றிய எனக்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாமல் போனதே என்று இன்றும் ஒரு குறுகுறுப்பு உண்டு. தோன்றியிருந்தாலும் பயனில்லை, வெட்டிய வளையத்துக்கு மூளை இல்லை.

அண்மைக்கால ஆய்வுகளில் என் மனம் போவது சூரிச்சில் நடந்த ஒன்றின் பக்கம். இறுகிய தமனியை மருந்தால் மல்லுக்கட்டித் தளர்த்துவதை விட்டுவிட்டு, ஹீமோகுளோபினையே பிடித்துக் கட்டிவிடலாம் என்று அவர்கள் ஹாப்டோகுளோபினைச் செம்மறியாடுகளின் மூளைநீரில் செலுத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபினால் வரும் சுருக்கம் தவிர்ந்ததாக 2019-இல் வெளியிட்டார்கள். ஆட்டில் பலித்தது மனிதரில் பலிக்காமல் போன கதைகளை நிறையப் பார்த்தவன் ஆதலால் இதற்கு வடை வாங்கவில்லை. ஆனால் கேடு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே கை வைக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தத்தை உயர்த்திய மறுநாள் பேச்சு தெளிந்தது. கை மெதுவாகத்தான் வந்தது; சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு இன்றும் மருமகள் வேண்டும். பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நிமோடிபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் தவறாமல், இருபத்தோராம் நாள் வரை கொடுக்க வேண்டும். நான் போன அன்று சமையலறைச் சுவரில் சீனக் கடை நாட்காட்டி தொங்கியது. கடைசி மூன்று நாள் கட்டங்களிலும் இரண்டு, ஆறு, பத்து, மறுபடி இரண்டு, ஆறு, பத்து என்று மருமகளின் கையெழுத்தில் எழுதி, கொடுத்து முடித்த வேளைகளை ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். விடியற்காலை இரண்டு மணியும் ஒன்று விடாமல் அடிபட்டிருந்தது. மாமா அந்த நாட்காட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கோப்பி கலக்கட்டுமா என்று அவளிடம் அவரே கேட்டார்.